லொயாலி ஓடையைச் சுற்றிப் போன வழி

லொம்போத்தோ பெண் கொள்ள வந்த வருஷம், மாமியார் வீட்டில் வைக்க வேண்டிய புகைமீன் கூடையை ஆற்றில் விட்டுவிட்டான். மூன்று மாதம் வலை போட்டு, கெளுத்தியும் விராலுமாகச் சேர்த்து, அடுப்புக்கு மேலே பரணில் வைத்துப் புகையிட்ட மீன். ஊர்த்துறைக்கு இன்னும் ஒரு வளைவுதான் பாக்கி என்ற இடத்தில் படகு அடிமரம் ஒன்றில் இடித்துக் கவிழ்ந்தது. அவன் தப்பினான், படகு தப்பியது, கூடை போயிற்று. மறுநாள் காலை இரண்டு வீட்டாரும் கூடி உட்காரப் போகிறார்கள். வெறுங்கையோடு வந்து நிற்கிறவனுக்கு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்? துறையில் மரவள்ளிக் கிழங்கை ஊறப் போட்டுக்கொண்டிருந்த பெண்களிடம் நடந்ததைச் சொல்லிப் புலம்பிவிட்டு, அதே ஊரில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டான்.

விடிந்ததும் படகைப் பார்க்கப் போனான். கவிழ்த்து வைத்திருந்த படகுக்கு அடியில் ஒரு கூடை இருந்தது. அகலமான இலைகளால் மூடி, நாரால் கட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தால் புகைமீன். கெளுத்தியும் விராலும்தான். அவன் தொலைத்ததைவிட நாலு மீன் கூடவே இருக்கும். சுற்றுமுற்றும் பார்த்தான். ஆள் இல்லை. ஆண்டவரே, இது என்ன என்று கும்பிட்டுவிட்டு, கேள்வி கேட்காமல் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனான்.

பாய்த் தட்டிக்குப் பின்னால் இருந்த மாமியார் ஒரு மீனை எடுத்துப் பிய்த்து வாயில் போட்டாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

“மீன் பரவாயில்ல. புகைதான் கொஞ்சம் ஜாஸ்தி. யார் போட்டதோ, அடுப்பைப் பார்க்காம வாயைப் பார்த்துட்டு இருந்திருக்காங்க.”

கூட்டம் சிரித்தது. சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. லொம்போத்தோ தலையைக் குனிந்துகொண்டான். கல்யாணம் நடந்தது. அவனும் அந்த ஊரோடேயே தங்கிவிட்டான்.

எட்டு வருஷம் கழித்து, மூன்றாவது பிள்ளையையும் பெற்ற பிறகு, அவன் மனைவி எம்போயோ கீரை இடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

“அது அம்மா போட்ட மீனு. துறையில நீங்க அழுததைக் கேட்டுட்டு வந்து, பரண்ல இருந்ததை எல்லாம் வழிச்சு எடுத்தாங்க.”

“உங்கம்மா மீனையா உங்கம்மாகிட்டயே கொடுத்தேன்?”

“ஆமா.”

“பின்ன ஏன் புகை ஜாஸ்தின்னாங்க?”

“ஒண்ணும் சொல்லாம வாங்கியிருந்தா ஊருக்குச் சந்தேகம் வந்திருக்குமே. எங்கம்மா எந்த மீனையாவது நல்லாருக்குன்னு சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?”

லொம்போத்தோவுக்குத் தலை சுற்றியது. எட்டு வருஷமாக அந்தப் பேச்சை மனசில் வைத்து முணுமுணுத்துக்கொண்டிருந்தவன் அவன். இப்போது போய் நன்றி சொல்லலாம் என்றால் அதற்கும் வழி கிடையாது. மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக் கூடாது. மருமகனிடம் மாமியார் நேராகப் பேசக் கூடாது. பாதையில் எதிர்ப்பட்டால் அவன் புதருக்குள் இறங்கி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவளும் துணியைத் தலையில் இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். பெயரைச் சொல்வது அதைவிடப் பெரிய தப்பு. அவனுக்கு அவள் போக்கிலோ. அவளுக்கும் அவன் போக்கிலோ. சம்பந்தம் கொண்டவர் என்று அர்த்தம். அதற்குமேல் அவளைப் பற்றிச் சொல்ல அவனுக்கு வார்த்தை அனுமதி இல்லை.

அவள் பெயர் எயெங்கா. சொல்லலாம் என்கிற மற்றவர்கள் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்னார்கள். ஊரில் ஏதாவது ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி கண்டால் எயெங்கா, சாவு விழுந்தால் எயெங்கா, தேவாலயத்தில் பாட்டு எடுத்துக்கொடுக்க எயெங்கா. ஆற்றின் மேல்பக்கத்து ஊரிலிருந்து வாழ வந்தவள். ஆறு பிள்ளை பெற்றவள். பனங்காய் வெட்ட ஏறிய புருஷன் விழுந்து செத்தபோது கடைசிக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அந்த ஆறு வயிற்றையும் நிரப்பியது லொயாலி ஓடைதான். ஓடையில் ஒரு வளைவு அவளுடைய மாமியார் வழியாக அவளுக்கு வந்தது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், மேலேயும் கீழேயும் சேற்றாலும் கழியாலும் அணைகட்டி, நடுவில் இருக்கிற தண்ணீரைக் கூடையால் இறைத்து வெளியே கொட்டி, சேற்றில் துள்ளுகிற மீனைக் கையால் பிடிப்பார்கள். அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். யார் எங்கே நிற்பது, எந்தப் பாட்டுக்கு எத்தனை கூடை இறைப்பது, விதவைகளுக்கு எவ்வளவு ஒதுக்குவது, எல்லாம் அவள் வாயிலிருந்து வரும்.

கடவுளிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரல். “சுவாமி, போன வாரமே சொன்னேன், எம்போயோவுக்குக் காய்ச்சல்னு. மறந்துட்டீங்களா?” பெண்கள் பக்கத்து வரிசையிலிருந்து இந்தக் குரல் வரும்போது, ஆண்கள் பக்கத்து வரிசையில் லொம்போத்தோ உதட்டைக் கடித்துக்கொள்வான். அவனுக்குத் தெரிந்த மாமியார் இந்தக் குரலும், ஒரு வறட்டு இருமலும், பாதையில் பதிந்திருக்கிற கட்டைவிரல் வளைந்த கால்தடமும்தான். இருபது வருஷம் ஒரே ஊரில் இருந்தும், சிரிக்கும்போது அவளுக்குக் கன்னம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அவர்கள் நடுவில் தூதுக்கு ஒரு நாய் இருந்தது. பேக்கா என்று பெயர். எங்கள் பக்கத்து நாய்களுக்குக் குரைக்கத் தெரியாது. கழுத்தில் கட்டின மரமணிதான் குரல். மருமகனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் தன் சமையல்கட்டுச் சுவருக்கு உள்ளேயிருந்து நாயிடம் சொல்வாள்.

“பேக்கா, உன்னை வளர்க்கிறவன்கிட்ட சொல்லு, என் கூரை ஒழுகுது. வயசான பொம்பளை நனைஞ்சா அவனுக்கு என்ன, அவனுக்குத் தோல் தடிமன்.”

சுவருக்கு வெளியே நின்றுகொண்டு லொம்போத்தோவும் நாயிடமே பதில் சொல்வான்.

“பேக்கா, ஓலை வெட்டப் போறேன்னு சொல்லு. போன மாசம் வெட்டிக் கொடுத்ததை யாரோ தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துட்டாங்கன்னும் சொல்லு.”

உள்ளே ஒரு சத்தம் வரும். சிரிப்பா, செருமலா என்று அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இப்படி நாள் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஆற்றுத்துறையில் பலகை நட்டார்கள். இந்தக் காடு உலகம் முழுவதற்கும் சொந்தமான சொத்து என்று அதில் எழுதியிருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வாசித்துக் காட்ட, மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள்.

“உலகத்துக்குச் சொத்தா? உலகம் எப்ப வந்து அறுவடை பண்ணும்?” என்று ஒருத்தன் கேட்டான்.

“நமக்குப் பங்கு உண்டா இல்லையா, அதைக் கேளு முதல்ல” என்றாள் எயெங்கா.

வனக்காவலர் செபாஸ்டியன் நல்ல மனுஷன். நெற்றியைச் சொறிந்துகொண்டு, “பங்கு உண்டும்மா. ஊருக்கு இவ்வளவு, காப்புக்காட்டுக்கு இவ்வளவுன்னு கோடு போடப் போறாங்க. உங்க ஓடை ஊர்ப்பக்கம்தான் விழும், கவலைப்படாதீங்க” என்றான்.

அடுத்த கோடையில் கோடு போட மூன்று பேர் வந்தார்கள். கையடக்கமாக ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு எந்த வழியாக நடக்கிறார்களோ அந்த வழி அதற்குள் கோடாகப் பதிந்துவிடும். வழிகாட்ட லொம்போத்தோவை அழைத்துக்கொண்டார்கள். ஆற்றிலிருந்து கிளம்பி, லொயாலி ஓடையின் அக்கரையோடு நேராகப் போய், பழைய யானைத்தடத்தில் முடிக்க வேண்டும். அப்படிப் போனால் ஓடை முழுசும் ஊர்ப்பக்கம் விழும். இரண்டு மணி நேர நடை. அவனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு போகிற வழி.

பாதி வழியில் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. கூடை கூடையாகக் கொட்டுகிற சத்தம், பெண்களின் பாட்டு. அதற்கு நடுவில் அந்த வறட்டு இருமல். லொம்போத்தோவின் கால் நின்றுவிட்டது. இறைக்கிற நாளில் பெண்கள் துணியைத் தொடைக்குமேல் சுருட்டிக்கொண்டுதான் சேற்றில் இறங்குவார்கள். பாதையில் பார்ப்பதே தப்பு என்கிற மாமியாரை இந்தக் கோலத்தில் ஒருவன் பார்த்தால் அப்புறம் அவன் எந்த முகத்தோடு ஊரில் சோறு தின்பது? அவன் நின்றதும் அங்கே பாட்டும் சட்டென்று நின்றது. அந்த அமைதி அவனை இன்னும் பயமுறுத்தியது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தான்.

“என்னாச்சு?” என்றான் கருவி வைத்திருந்தவன்.

“மெதுவாப் பேசுங்க. இந்த வழியாப் போக முடியாது.”

“பாம்பா?”

“இல்ல.”

“யானையா?”

“யானையா இருந்தா போயிருக்கலாம்.”

“பின்ன என்னதான் இருக்கு அங்க?”

முன்பின் தெரியாத ஆண்களிடம், அங்கே என் மாமியார் அரைத்துணியோடு நிற்கிறாள் என்று எப்படிச் சொல்வது? லொம்போத்தோ தரையைப் பார்த்தபடி நின்றான். அப்புறம் கத்தியை எடுத்து இக்கரைக்கு இறங்கி, ஊர்ப்பக்கத்து முட்காட்டை வெட்டிக்கொண்டு, பெரிய அரைவட்டமாக அவர்களைச் சுற்றி அழைத்துப் போனான். ஒன்றரை மணி நேரம் கூடுதல். சட்டை கிழிந்தது, ஒருத்தனுக்கு எறும்பு கடித்துக் காது வீங்கியது. சுற்றி முடிக்கிறவரை அவன் யாரையும் சத்தம் போட விடவில்லை. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினார்கள்.

அடுத்த வருஷம் வரைபடம் வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். கோடு நேராக வந்து, லொயாலி ஓடையின் பாதியில் அரைவட்டமாக ஊர்ப்பக்கம் உள்ளே புகுந்து, மறுபடி நேராகப் போயிருந்தது. எயெங்காவின் வளைவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அதோடு விட்டார்களா? அந்த அரைவட்டத்துக்குள் பச்சைக் கட்டம் போட்டு, “ஊரார் வணங்கும் புனித இடம். யாரும் நுழையக் கூடாது, மீன் பிடிக்கக் கூடாது” என்று எழுதியிருந்தது. நல்ல மனசோடு எழுதினதுதான். ஊர் மக்களின் பக்தியைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் வணங்கினது? எப்போது வணங்கினது?

“நம்ம பெரியவங்க காலத்துல ஏதாவது இருந்திருக்கும். நாமதான் மறந்துட்டோம்” என்றார் இலோங்கா பெரியப்பா. சொன்னவர் வீட்டுக்குப் போய் யோசித்தார். மூன்றாம் நாள் அவருக்கு ஞாபகமே வந்துவிட்டது. சின்ன வயசில் அந்த வளைவில் வெள்ளையாக ஓர் உருவத்தைப் பார்த்திருக்கிறாராம். அதற்கடுத்த வாரம் இன்னும் இரண்டு பேருக்கு ஞாபகம் வந்தது. ஒருத்தி அங்கே தண்ணீர் தானாகப் பேசுவதைக் கேட்டதாகச் சொன்னாள். பெண்கள் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். போதகர் ஆவிகளை நம்பாதே என்று பிரசங்கம் செய்தார். செய்துவிட்டு அவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தக் கோடையில் எயெங்கா வீட்டில் மீன் இல்லை. விதவைகள் வீட்டிலும் இல்லை. கூடைகள் சுவரில் காய்ந்து தொங்கின. அவள் போய்ச் செபாஸ்டியனிடம் சண்டை போட்டாள்.

“நாப்பது வருஷம் அந்தச் சேத்துல நின்னேன். ஒரு ஆவியும் வந்து என்கிட்ட மீன் கேட்டதில்ல.”

“என்கிட்ட கேட்டா? மேல இருந்து வந்த தாள்ல அப்படி இருக்கு, அம்மா.”

“மேல இருந்தா? நான் தினம் மேலதான் பேசுறேன். அவர் ஒண்ணும் சொல்லலியே.”

ஆனால் ராத்திரி ஜெபத்தில் அவள் குரல் மாறியிருந்தது என்று எம்போயோ வந்து சொன்னாள். “சுவாமி, நான் தெரியாம உங்க இடத்துல நின்னுட்டேனா?” என்று கேட்கிறாளாம். இதைக் கேட்டதும் லொம்போத்தோவுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லாம் அவன் கால் போன வழியில் வந்த வினை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஓடை கிடைக்கும். ஆனால் சொல்வதென்றால், அன்றைக்கு மாமியார் இருந்த கோலத்தை அவன் அறிவான் என்று நாலு பேர் நடுவில் சொல்ல வேண்டும். அவள் மானம் போகும். சொல்லாவிட்டால் அவள் சோறு போகும். எது மரியாதை? இருபது வருஷம் மரியாதை என்றால் என்னவென்று தெரியும் என்று நினைத்திருந்தவனுக்கு இப்போது ஒன்றுமே தெரியவில்லை. போதாததற்கு, இலோங்கா பெரியப்பா பேசுவதைக் கேட்கக் கேட்க, ஒருவேளை அன்றைக்கு அவனை நிறுத்தினது உண்மையிலேயே வேறு ஏதோவோ என்றுகூட அவனுக்குச் சந்தேகம் வந்தது.

“அம்மாகிட்ட நான் சொல்லட்டுமா?” என்றாள் எம்போயோ.

“ஐயோ வேண்டாம். நீ சொன்னா நான் சொன்ன மாதிரி.”

“அப்ப யார்தான் சொல்றது?”

யோசித்து யோசித்து ஒரு சாயங்காலம் நாயைக் கூட்டிக்கொண்டு மாமியாரின் சமையல்கட்டுச் சுவருக்கு வெளியே போய் உட்கார்ந்தான். உள்ளே இலைப்பொதி வேகிற வாசனை வந்தது.

“பேக்கா” என்றான். “பேக்கா, அந்த வளைவுல ஆவி ஒண்ணும் இல்ல. கோடு போடப் போன அன்னைக்குத் தண்ணி இறைக்கிற சத்தம் கேட்டுச்சு. இருமலும் கேட்டுச்சு. நான் எதையும் பார்க்கல. சத்தியமாப் பார்க்கல. சுத்திப் போயிட்டேன். காரணம் கேட்டாங்க, சொல்லல. அவங்களா எழுதிக்கிட்டாங்க. அவ்வளவுதான்.”

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அப்புறம் ஒரு சத்தம். மூக்கை உறிஞ்சின மாதிரியும் இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த மாதிரியும் இருந்தது. முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்? கடைசியில் குரல் வந்தது.

“பேக்கா, அந்த ஆளைப் போய்ச் சாப்பிடச் சொல்லு.”

அவன் எழுந்து போனான். மன்னித்தாளா, கோபமா, இதற்கு என்ன அர்த்தம் என்று வீடு வரைக்கும் நாயைக் கேட்டுக்கொண்டே போனான்.

அடுத்த மாதம் தலைநகரிலிருந்து மதாம் லாண்டு வந்தாள். காடுகளில் இருக்கிற பழைய ஊர்கள், கல்லறைகள், கும்பிடுகிற இடங்கள் இவற்றையெல்லாம் விசாரித்து எழுதுகிற வேலை அவளுக்கு. மூக்குக்கண்ணாடி, ரப்பர் காலணி, எதையும் இரண்டு தடவை கேட்கிற பொறுமை. பள்ளிக்கூடக் கொட்டகையில் ஊர் கூடியது. லொம்போத்தோ முன்னால் ஆண்கள் பக்கம்; எயெங்கா பின்னால் பெண்கள் பக்கம், நடுவில் தட்டி.

இலோங்கா பெரியப்பா வெள்ளை உருவத்தைப் பற்றி விரிவாகச் சொன்னார். மதாம் லாண்டு எழுதிக்கொண்டாள். அப்புறம் வரைபடத்தில் அந்த அரைவட்டத்தைக் காட்டி, “வழிகாட்டினது நீங்கதானே? ஏன் இங்க சுத்தினீங்க?” என்று லொம்போத்தோவைக் கேட்டாள்.

லொம்போத்தோ எழுந்தான். ஊரே அவனைப் பார்த்தது. பின்னால் தட்டிக்கு அந்தப் பக்கம் அந்த இருமல் கேட்டது. ஓடையைக் கேட்க இதைவிட்டால் வேறு நாள் கிடையாது என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்தான், மூடினான்.

“அவனை விடுங்கம்மா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “அவன் சொல்ல மாட்டான். சொல்லவும் கூடாது. நீங்க எழுதுற ஆளு, எழுதிக்கோங்க. அன்னைக்கு அங்க இருந்தது நான். என் பேரு எயெங்கா. துணியைச் சுருட்டிக்கிட்டு, முதுகெல்லாம் சேறோட நின்னேன். எந்த மருமகன் அந்த வழியா வருவான்?”

பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பி ஆண்கள் பக்கம் வந்து சேர்ந்தது. சித்தப்பா சிரித்துச் சிரித்து இருமினார். லொம்போத்தோ இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மதாம் லாண்டு கண்ணாடியைக் கழற்றினாள். “அப்போ ஆவி?”

“ஆவி இல்ல. நான்.”

“நான் பார்த்த வெள்ளை உருவம்?” என்று இலோங்கா பெரியப்பா எழுந்தார்.

“அண்ணே, அந்த வளைவுல எங்க மாமியார் துணி காயப்போடுவாங்க.”

“ஒரு வருஷமா ஏன் யாரும் இதைச் சொல்லல?” என்றாள் மதாம் லாண்டு.

“எனக்குத் தெரியாதே, எப்படிச் சொல்றது? தெரிஞ்சவன் சொல்லக் கூடாதவன்.”

“இப்ப உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“நாய் சொல்லிச்சு.”

கொட்டகை மறுபடி அதிர்ந்தது. மதாம் லாண்டு பேனாவைப் பிடித்தபடி எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “நாய் சொல்லிச்சுன்னு நான் எப்படி எழுதுறது?” என்றாள், யாரிடம் என்று இல்லாமல். இலோங்கா பெரியப்பா உட்காரவில்லை. துணி துணிதான், நான் பார்த்தது பார்த்ததுதான் என்று அவர் ஒரு பக்கம் சொல்லிக்கொண்டேயிருந்தார். அவள் அதையும் எழுதினாள், இதையும் எழுதினாள். போகும்போது எயெங்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று லொம்போத்தோ தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

புது வரைபடம் வர இன்னொரு வருஷம் ஆனது. கோடு மாறவில்லை; அந்த அரைவட்டம் அப்படியே இருந்தது. ஆனால் பச்சைக் கட்டம் போய்விட்டது. அதற்குப் பதிலாக, “எயெங்காவின் வளைவு. பெண்கள் வழக்கப்படி மீன் இறைக்கும் இடம். இறைக்கும் நாளில் ஆண்கள் சுற்றிப் போக வேண்டும்” என்று அச்சடித்திருந்தது. சுற்றிப் போகிற வழக்கமும் காக்க வேண்டிய சொத்துதான் என்று மதாம் லாண்டு எழுதி அனுப்பியிருந்தாளாம். ஓடை திரும்பக் கிடைத்துவிட்டது. பெண்கள் கூடைகளை இறக்கி நனைய வைத்தார்கள். எயெங்கா பழையபடி சேற்றில் நின்று பாட்டு எடுத்துக்கொடுத்தாள்.

சந்தோஷப்பட வேண்டிய லொம்போத்தோவுக்குப் புதுச் சங்கடம் முளைத்தது. காட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவன்தான் வழிகாட்டி. ஒவ்வொரு இடமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருவான். அந்த வளைவு வந்ததும் வாய் பூட்டிக்கொள்ளும். “இந்த இடத்துக்கு என்ன பேர்?” என்று கேட்பார்கள். அவன் மரத்தைக் காட்டுவான், பறவையைக் காட்டுவான், செருமுவான். மாமியார் பெயரை இப்படி ஊர் ஊராக அச்சடித்து ஒட்டுவார்கள் என்று எந்தப் பெரியவருக்குத் தெரிந்திருக்கும், அதற்கு ஒரு விதி சொல்லி வைக்க? செபாஸ்டியன் கூட வந்தால் பின்னாலிருந்து வேண்டுமென்றே கத்துவான்: “ஏன் முழிக்கிற, சொல்லேன்யா!”

அதற்கப்புறம் நாலு கோடை போயிருக்கும். பேக்கா கிழடாகிச் செத்துப்போனது. எயெங்காவுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. பொயெண்டே பட்டணத்தில் இருக்கிற அவள் மூத்த மகன், ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று ஆள் சொல்லி அனுப்பினான். ஆறுகள் கூடுகிற இடத்துக்கு இயந்திரப் படகு வரும். அதுவரை சின்னப் படகில் போய்ச் சேர வேண்டும். அந்த வாரம் ஆண்கள் எல்லோரும் பக்கத்து ஊரில் ஒரு சாவுக்குப் போயிருந்தார்கள். எம்போயோ கடைசிப் பிள்ளையைப் பெற்று ஆறு நாள். துடுப்புப் போட ஊரில் லொம்போத்தோ ஒருவன்தான் இருந்தான்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். படகின் நடுவில் இரண்டு கழி நட்டுப் பாயைக் கட்டினார்கள். முன்பக்கம் எயெங்காவைத் தூக்கி உட்காரவைத்தார்கள், பின்பக்கம் அவன். மூன்று மணி நேரம் அவன் அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டான். பாயில் நடுவில் ஒரு நார் பிரிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவள் மெல்லப் பாடினாள், கொஞ்சம் ஜெபித்தாள், கொஞ்ச நேரம் தூங்கினாள் போல. லொயாலி ஓடை ஆற்றில் கலக்கிற இடம் வந்தபோது பாட்டு நின்றது. அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். மீன் கூடைக்கு, ஓடைக்கு, கொட்டகையில் எழுந்து நின்றதற்கு. நாய் இல்லை. பாயிடம் சொல்லலாமா என்று நினைத்தான். படகுக்குள் பாயும் நாயும் ஒன்றாகுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. பேசாமல் துடுப்பை வலித்தான்.

ஆறு கூடுகிற இடத்தில் மகனுடைய ஆட்கள் காத்திருந்தார்கள். லொம்போத்தோ முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொண்டு, முறைப்படி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். அவளைத் தூக்கி இயந்திரப் படகில் ஏற்றுகிற அரவம் கேட்டது. மூட்டையை ஏற்றினார்கள். பொயெண்டேயிலிருந்து அவள் திரும்பி வரவில்லை. மழைக்காலத்துக்கு முன்னாலேயே ஆண்டவர் அழைத்துக்கொண்டார். அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

இயந்திரத்தைக் கிளப்பப் போனவனைப் பொறு என்று அவள் கையமர்த்தினாளாம். பிறகு இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவனை நேராகக் கூப்பிட்டாள்.

“போக்கிலோ. திரும்பாத, அப்படியே நின்னு கேளு. கோடு போட வந்த அன்னைக்கு உன்னை நான்தான் முதல்ல பார்த்தேன். பொம்பளைங்களை எல்லாம் இழுத்துக்கிட்டு விழுந்த மரத்துக்குப் பின்னால போய்ப் படுத்துட்டேன். நீங்க போற வரைக்கும் மூச்சுக்கூட விடல. நேராப் போயிட்டீங்கன்னுதான் நினைச்சேன், நாய் சொல்ற வரைக்கும். நீ நேராவே போயிருக்கலாம்.”